விதைக்கு வைத்திருந்த உளுந்து

கலியபெருமாளைத் தங்கமான மனுஷன் என்று எங்கள் தெருவில் யாராவது சொன்னால் அந்த நாளில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சொல்லாத ஆள் கிடையாது. டீக்கடையில் சொல்வார்கள், ரேஷன் கடை வரிசையில் சொல்வார்கள், என்னிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் மெஷினுக்குப் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டு சொல்வார்கள். "பொண்டாட்டிக்கு இந்த வியாதி வந்தா எவன் இப்படிப் பாப்பான்? மெட்ராஸ் வரைக்கும் கூட்டிட்டுப் போயி, மாசக்கணக்குல ஆஸ்பத்திரி வாசல்ல கெடந்து..." நான் ஊசியில் நூல் கோப்பது போலத் தலையைக் குனிந்துகொள்வேன். வாயைத் திறந்தால் வேறு ஏதாவது வந்துவிடும்.

ஆனால் நான் சொல்ல வந்தது அவரைப் பற்றி இல்லை. அவர் மனைவி சௌந்தரநாயகியைப் பற்றி. தங்கமான மனுஷனைக் கட்டிக்கொண்டு ஒரு வருடம் முழுக்க ஒரு வீட்டில் தன்னந்தனியாக இருந்தவள் அவள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். "சொல்லுக்கா, நாலு பொம்பளைக்கு ஒதவட்டும்" என்றாள். நாலு ஆம்பளைக்கு உதவினால் இன்னும் நல்லது.

என் பெயர் ராசம்மாள். குடவாசலுக்குத் தெற்கே எங்கள் ஊர். புருஷன் போன பிறகு அரசாங்கம் ஒரு தையல் மெஷின் கொடுத்தது. மேடை போட்டு, மாலை போட்டு, மந்திரி கையால் கொடுத்தார்கள். போட்டோவில் மந்திரி நன்றாக விழுந்திருந்தார், நான் பாதிதான் விழுந்திருந்தேன். போகட்டும். மெஷின் இன்றைக்கும் ஓடுகிறது. ஊர்ப் பெண்களின் உடம்பு அளவெல்லாம் எனக்குத் தெரியும். யார் இளைத்தாள், யார் முழுகாமல் இருக்கிறாள் என்பது அவர்கள் மாமியாருக்குத் தெரிவதற்கு முன்னால் என் டேப்புக்குத் தெரிந்துவிடும்.

சௌந்தரம் எனக்கு எதிர் வீடு. தாராசுரத்துப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். வாய்க்கால் இந்தக் கரையில் நின்று கூப்பிட்டால் அந்தக் கரையில் மேய்கிற மாடு திரும்பிப் பார்க்கும், அப்படி ஒரு குரல். புருஷனும் பெண்டாட்டியும் வரப்பில் நின்று போடுகிற சண்டை நடவு நடுகிற பெண்களுக்குப் பாட்டுக்குப் பதில். விதை எத்தனை நாள் ஊற வேண்டும், உரம் இப்போதா நாளைக்கா என்று வெட்டுப்பழி குத்துப்பழியாக நிற்பார்கள். சாயங்காலம் பார்த்தால் வாசல்படியில் உட்கார்ந்து அவள் வெற்றிலை மடித்து நீட்டுவாள், அவர் தெருவைப் பார்த்துக்கொண்டே கையை மட்டும் நீட்டி வாங்கிப் போட்டுக்கொள்வார். ஒரே மகள் தங்கமணியை நாகப்பட்டினத்தில் கட்டிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேரும் மாமியார் ரெங்கம்மாளும்தான்.

ஒரு தைப்பொங்கலுக்கு முன்னால் ரவிக்கைக்கு அளவெடுக்கும்போது அவள் என் கையைப் பிடித்து இடது மார்பின் ஓரத்தில் வைத்தாள்.

"இங்க ஒரு கட்டி இருக்குல்ல?"

இருந்தது. புளியங்கொட்டை மாதிரி, அழுத்தினால் நகராமல்.

"எத்தினி நாளாடி?"

"போன குறுவையிலேருந்து. வலி இல்லக்கா. வலிக்காததுக்கு எதுக்கு டாக்டரு?"

எனக்கு வந்த கோபத்துக்கு டேப்பை அவள் மேலேயே விட்டெறிந்தேன். மறுநாளே குடவாசல் லேடி டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்து தஞ்சாவூர், தஞ்சாவூரிலிருந்து மெட்ராஸ். மெட்ராஸுக்குக் கலியபெருமாள் கூட்டிக்கொண்டு போனார். இடது மார்பை எடுத்துவிட்டார்கள். அப்புறம் கரண்டு வைத்தார்கள், கதிர் வைத்தியத்தை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வது. ஐப்பசி பிறந்தபோது இருவரும் திரும்பி வந்தார்கள். பஸ்ஸிலிருந்து பெட்டி, பை, தண்ணீர்க் கூஜா எல்லாவற்றையும் தானே சுமந்துகொண்டு அவர் முன்னால் நடக்க, அவள் முக்காடு போட்டுக்கொண்டு பின்னால் வந்தாள். தெருவே நின்று பார்த்தது. தங்கமான மனுஷன் என்ற பேச்சு அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

வந்த நாளிலேயே ரெங்கம்மாள் அவளுக்கு ஒரு தட்டும் ஒரு டம்ளரும் தனியாக எடுத்து வைத்துவிட்டாள். "ஒட்டிக்கிற வியாதி இல்ல அத்தை, டாக்டரே சொல்லிட்டாரு" என்று நான் போய்ச் சொன்னேன். "வியாதி ஒட்டாதுடி. கரண்டு வெச்ச ஒடம்புல்ல? சூடு எறங்கற வரைக்கும் ஒதுங்கி இருக்கறதுதான் நல்லது" என்றாள் கிழவி. எவன் சொன்னானோ! சட்டியில் மீன் குழம்பு வைத்து நடுத்துண்டை மருமகளுக்கு எடுத்து வைப்பாள், ஆனால் அந்தத் தட்டிலேயே வைத்துத் தள்ளி விடுவாள். கெட்டவள் இல்லை. பயந்தாங்கொள்ளி. அடுப்பங்கரைப் பக்கம் மருமகளை விடுவதில்லை. தங்கமணி கைக்குழந்தையோடு பார்க்க வந்தபோது, குழந்தை அந்தக் கை இந்தக் கை என்று தெருவெல்லாம் சுற்றிவிட்டு வந்தது. அம்மாவைப் பெற்ற பாட்டியின் மடிக்கு மட்டும் போகவில்லை. சௌந்தரமும் கேட்கவில்லை.

அவளுக்கு இடது கை வீங்கிக் கனத்துவிடும். ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு பயிற்சி சொல்லி அனுப்பியிருந்தாள். சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, விரலால் சுவரில் மெல்ல மெல்ல ஏற வேண்டும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் உயரமாக ஏற வேண்டும். கொல்லைப்புறச் சுவரில் அவள் அதைச் செய்வாள். ஏறின இடத்தில் ஒரு கரிக்கோடு. பக்கத்தில் நின்று இன்னும் கொஞ்சம் ஏறு என்று சொல்ல ஆள் கிடையாது. "செவுத்தைத் தடவிக்கிட்டு நிக்கறா, எனக்கு என்னமோ பயமா இருக்கு" என்று ரெங்கம்மாள் என்னிடம் வந்து சொன்னாள். வீட்டில் தண்ணீர் தூக்க, மாடு கறக்க, பாத்திரம் தேய்க்க எல்லாவற்றுக்கும் கலியபெருமாள் ஒரு பெண்ணை வேலைக்கு வைத்துவிட்டார். அவள் எதையும் தொடக்கூடாது. பொத்திப் பொத்தி வைத்தார்கள். கடைசியில் அந்த வீட்டில் அவளுக்கு அந்தச் சுவரைத் தவிர வேறு ஒன்றும் பாக்கியில்லை.

சரி, தங்கமான மனுஷன் எங்கே? அவர் வயலில் இருந்தார்.

அந்த வருடம்தான் குத்தகைத் தகராறு முற்றியது. எங்கள் ஊர் நிலம் பாதிக்கு மேல் ஒரு மிராசுதார் குடும்பத்துடையது. பிள்ளைகள் மெட்ராஸில் இருந்துகொண்டு, குத்தகைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் ஒரு ரைஸ்மில்காரருக்கு விற்றுவிட்டார்கள். குத்தகைக்காரர்கள் சங்கத்தில் சேர்ந்து கொடி நட்டார்கள். மில்காரர் ஆள்கட்டோடு வந்து ஒரு சால் உழுதுவிட்டால் அனுபோகம் அவருடையதாகிவிடும் என்று பேச்சு. அதனால் ஆளுக்கு ஆள் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய் வயலிலேயே படுத்தார்கள். கலியபெருமாள் தன் கட்டிலைப் பம்புசெட் கொட்டகையில் போட்டார். சாப்பாட்டு வேளைக்கு வருவார், சாப்பிடுவார், "மருந்து சாப்பிட்டியா?" என்று கேட்பார், போய்விடுவார். நிலம் போனால் சோறு போச்சு. இதை யாரும் குறை சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை.

ஆனால் மறு வருடம் ஆனியில் தகராறு முடிந்துவிட்டது. தாசில்தார், சங்கத்துக்காரர்கள், இரண்டு கட்சிக்காரர்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து பேசி, உழுகிறவர்கள் உழுதுகொண்டே இருக்கலாம் என்று தீர்ந்தது. பட்டாசு வெடித்தார்கள். ஆள் ஆளுக்குக் கட்டிலைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர்வலம் மாதிரி வீட்டுக்கு வந்தார்கள். பக்கத்து வீட்டு வீரையன் கட்டில் வந்தது. காத்தான் கட்டில் வந்தது. கலியபெருமாள் கட்டில் வரவில்லை.

அன்றைக்குக் காலையிலிருந்தே சௌந்தரம் தலையணை உறையைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். வெற்றிலைப் பெட்டியைத் துடைத்து, கொழுந்து வெற்றிலை வாங்கி வரச் சொல்லி, வாசலில் உட்கார்ந்திருந்தாள். நான் எதிரே மெஷினில் இருந்தேன், எல்லாம் கண்ணில் படுகிறது. அவர் வந்தார். சாப்பிட்டார். "மோட்டார் களவு போவுதாம். காவலுக்கு ஆள் வேணும்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அவள் மடித்த வெற்றிலையை நீட்டவே இல்லை. கையில் வைத்துக்கொண்டே எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மோட்டார் களவு! எங்கள் ஊரில் அதற்கு முன்னும் பின்னும் எந்த மோட்டாரும் களவு போனதில்லை.

மறுநாள் மத்தியானம் அவள் என்னிடம் வந்து உட்கார்ந்தாள். அந்தப் பெரிய குரல் எங்கே போனதோ, பக்கத்தில் குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"அக்கா, எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சாப் போதும். அவருக்கு என்னைப் பாக்க அருவருப்பா இருக்குதா, இல்லியா? இருக்குன்னு சொன்னாக்கூடப் போதும். நான் பாட்டுக்கு நாகப்பட்டினம் போயிடுவேன். தங்கமணி கூப்புட்டுக்கிட்டுதான் இருக்கா."

"கேட்டுத் தொலையேன்."

"எப்படிக்கா கேக்கறது?"

 கொஞ்ச நேரம் மெஷினை மிதித்தேன். அவளே பேச்சை மாற்றினாள். ரவிக்கை ஒரு பக்கம் தொங்குகிறது, தெருவில் நடந்தால் எல்லார் கண்ணும் அங்கேயே போகிறது, ஏதாவது செய்யேன் என்றாள்.

பாடியின் உள்ளே ஒரு பை வைத்துத் தைத்து, பஞ்சை அடைத்துக் கொடுத்தேன். அது சரியாக வரவில்லை. பஞ்சுக்குக் கனமில்லை, நடக்க நடக்க ஏறிக் கழுத்துக்கு வந்துவிடுகிறது. ஒரு பக்கம் கனமும் ஒரு பக்கம் ஒன்றுமில்லாமலும் இருந்ததில் அவளுக்குத் தோள் சாய ஆரம்பித்திருந்தது. "கனமா ஏதாவது போடணும்க்கா. உளுந்து போடேன்" என்றாள். உளுந்து நல்ல யோசனை. உருண்டை, வழவழப்பு, உடம்போடு சாயும், குத்தாது. வெட்டு மிச்சத்தில் சிவப்புத் துணி ஒன்று கெட்டியாக இருந்தது. அதில் பை தைத்து உளுந்தைக் கொட்டி வாயை மூடினேன். போட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பினாள். தோள் நிமிர்ந்திருந்தது.

"அக்கா, மறந்து போயி இட்லிக்கு ஊறப்போட்டுடப் போறேன்" என்று சொல்லிச் சிரித்தாள். ஒரு வருடம் கழித்து அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.

அந்த வருடம் மேட்டூரில் தண்ணீர் விடத் தாமதம். குறுவை போய், சம்பா ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. ஐப்பசியில் அவர்கள் வயலில் நடவு. சௌந்தரம் நல்ல புடவை கட்டி, சிவப்புப் பையை வைத்த பாடியைப் போட்டுக்கொண்டு, நடவுக்காரப் பெண்களுக்குப் புளிச்சோற்றைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வலது கையில்தான் வைத்திருந்தாள். என் வாசலைத் தாண்டும்போது ஒரு பார்வை பார்த்தாள், கல்யாணப்பெண் மாதிரி.

வயலில் நடந்ததை நடவுக்குப் போன பூவம்மாள்தான் எனக்குச் சொன்னாள். தூரத்தில் இவளைக் கண்டதும் கலியபெருமாள் நாற்றுமுடியைப் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார். "ஒன்ன யாரு இங்க வரச் சொன்னா? கனம் தூக்கக்கூடாதுன்னு தெரியாது? போ, வீட்டுக்குப் போ" என்று எல்லாப் பெண்களும் பார்க்கத் தூக்குவாளியைப் பிடுங்கிக்கொண்டார். அவள் முகத்தை அவர் பார்க்கக்கூட இல்லை என்றாள் பூவம்மாள். அவள் திரும்பி வரப்பில் நடந்தாள். பாதி வழியில் மழை பிடித்தது. ஐப்பசி மழை, கேட்க வேண்டுமா! நடவுக்காரர்கள் எல்லாரும் பம்புசெட் கொட்டகையில் ஒதுங்க, இவள் மட்டும் தெப்பமாக நனைந்துகொண்டு தெரு முழுக்க நடந்து வந்தாள். நான் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். கதவைச் சாத்திக்கொண்டுவிட்டாள்.

நனைந்த புடவையைக் கொடியில் போடலாம். நனைந்த அந்தப் பையை எங்கே போடுவது? வாசல் கொடியில் போட்டால் ஊர் பார்க்கும், கொல்லைக் கொடியில் போட்டால் மாமியார் கேட்பாள். அவள் அதைக் கொண்டுபோய் மாட்டுக்கொட்டகைக் கூரையில், ஓலை இடுக்கில் சொருகி வைத்தாள். மழை விடவில்லை. கூரை ஒழுகியது.

மழை விட்ட வியாழக்கிழமை காலை, ஒழுக்கை அடைக்கலாம் என்று கலியபெருமாள் மாட்டுக்கொட்டகைக் கூரைமேல் கை வைத்தார்.

அவர் போட்ட சத்தத்தில் நான் மெஷினை விட்டு எழுந்து ஓடினேன். நடுத்தெருவில் நின்றுகொண்டிருக்கிறார். முகம் வெளிறிப் போயிருக்கிறது. கையில் ஒரு கவைக்கம்பு. கம்பின் நுனியில் அந்தப் பை. உளுந்து ஊறிப் பெருத்து, தையலைப் பிளந்துகொண்டு வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருந்தது. சிவப்புத் துணி, உள்ளே தானியம், அதில் முளை. மாட்டுக்கொட்டகையில் ஒளித்து வைத்தது. எங்கள் பக்கத்தில் அதைப் பார்த்தால் யாருக்கும் ஒரே ஒரு எண்ணம்தான் வரும்.

"செய்வினைடா! மில்லுக்காரன் வெச்சிட்டான்!" என்று கத்தினார். "என் பொண்டாட்டிக்கு வியாதி எங்கேருந்து வந்துதுன்னு இப்பதான் தெரியுது!"

ரெங்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாள். கூட்டம் கூடிவிட்டது. பூசாரியைக் கூப்பிடு என்றான் ஒருவன். எலுமிச்சம்பழம் கொண்டா, கற்பூரம் கொண்டா, யாரும் கிட்டப் போகாதே, முச்சந்தியில் வைத்துக் கொளுத்து என்றான் வீரையன். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே புகுந்தேன். என் தையல் எனக்குத் தெரியாதா? என்ன சொல்லிச் சமாளிப்பது என்று யோசிப்பதற்குள் சௌந்தரம் வாசல்படி இறங்கி வந்தாள்.

யாரையும் பார்க்கவில்லை. நேராக வந்து, கம்பு நுனியிலிருந்து அந்தப் பையைக் கையால் எடுத்தாள். கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது.

"இது என்னோடது" என்றாள்.

"அய்யய்யோ, நீயாடி வெச்ச? வீட்டுக்குள்ளயே வெச்சியா?" என்று ரெங்கம்மாள் அலறினாள்.

"ஆமா அத்தை. இங்க வெச்சிருந்தேன்." வலது கையால் இடது நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "இல்லாத எடத்துல வெச்சிருந்தேன். நனைஞ்சு போச்சு. காயவைக்க எடமில்ல."

உள்ளே போய்விட்டாள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க முடியவில்லை. கற்பூரம் வாங்கப் போனவன் கையில் கற்பூரத்தோடு வந்து நின்றான். கூட்டம் தானாகக் கலைந்தது. கலியபெருமாள் வெறும் கம்பைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றார். ஒரு மாட்டுவண்டி வந்து, அவரைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

நான் போனபோது அவள் பெட்டியில் புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"தெரிஞ்சு போச்சுக்கா. பேயைப் புடிக்கிற மாதிரி கம்பால புடிச்சாரு, பாத்தல்ல? அதைத் தொடவே அவ்வளவு பயமா இருந்தா, என்னைத் தொட எப்படி இருக்கும்?"

"அது என்னதுன்னு தெரியாமப் புடிச்சாருடி."

"ஆமா, தெரியாது. அவருக்கு என்னதான் தெரியும்?"

நாளைக்கு முதல் பஸ்ஸில் நாகப்பட்டினம் போகிறேன் என்றாள். நாளை வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை வீட்டுப் பெண் பெட்டியோடு படி இறங்கக்கூடாது, சனிக்கிழமை போ என்று ரெங்கம்மாள் கதவோரம் நின்று சொன்னாள். வாயால் அதைச் சொன்னாளே தவிர, மருமகளின் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி, ஒரு நாள்தானே என்று சௌந்தரம் பெட்டியைச் சாத்தினாள்.

வெள்ளிக்கிழமை காலை எதிர் வீட்டிலிருந்து தீய்ந்த வாசனை வந்தது. அடுப்பங்கரைப் பக்கம் புகை. "ஏண்டா, ஒனக்கு என்னடா வேலை அங்க? நான் செய்யறேன், வெளிய வாடா" என்று ரெங்கம்மாளின் குரல். கொஞ்ச நேரத்தில் கலியபெருமாள் துண்டில் எதையோ முடிந்துகொண்டு என் வீட்டுக்கு வந்தார். வந்து நின்றார். உட்காரச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"அக்கா, இதை வெச்சுத் தெச்சுக் குடுங்க."

துண்டைப் பிரித்தார். உளுந்து. பாதி கறுப்பு, பாதி அரைவேக்காடு, அங்கங்கே சாம்பல் ஒட்டியிருந்தது. அந்த மனுஷர் ஜென்மத்தில் அடுப்புப் பக்கம் போனவர் இல்லை. விரல் நுனி இரண்டு கொப்புளம் கட்டியிருந்தது.

"வறுத்துட்டேன். இனிமே நனைஞ்சாலும் மொளைக்காது."

"சாம்பல் ஒட்டியிருக்குதே, என்ன உளுந்து இது?"

"விதைக்கு, பூச்சி வராம சாம்பல்ல பொரட்டி வெச்சிருந்தது."

விதைப் பானையை அவர் எப்படிக் காப்பார் என்று எனக்குத் தெரியும். பஞ்சம் வந்த வருடத்தில் ரெங்கம்மாள் ஒரு பிடி கேட்டு அவர் தரவில்லை. தையில் சம்பா அறுக்கும் முன் தெளிக்க வேண்டியது. எனக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. ஆனால் மீதிப் பாதியை விட நான் தயாராக இல்லை.

"ஏன் தம்பி வீட்டுக்கு வரல? தகராறுதான் தீந்துபோச்சே."

உளுந்தில் ஒட்டியிருந்த சாம்பலை ஊதினார்.

"ஆபரேஷன் ஆன அன்னிக்கு டாக்டரு சொன்னாருக்கா. பச்சைப் புண்ணு, கிருமி பட்டா ஆபத்து, தள்ளி இருந்து பாத்துக்கய்யான்னாரு. எப்ப வரைக்கும்னு சொல்லல."

"கேக்கலியா?"

"எப்படிக்கா கேக்கறது? அதைப் போயி ஒரு டாக்டர்கிட்ட..."

அதே வார்த்தை. ஒரே வீட்டில் இரண்டு பேர், இரண்டு பேரும் எப்படிக் கேட்பது என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"அப்புறம் நாளாயிப் போச்சு. நாளாக நாளாக பயம் ஜாஸ்தியாயிடுச்சு. பாக்கறப்ப என்னையறியாம மொகத்தைச் சுளிச்சுட்டேன்னா? அதை அவ பாத்துட்டான்னா? அதுக்கு அப்புறம் என்ன சொல்லி என்ன, எல்லாம் போச்சுல்ல? அதான் அந்தப் பக்கமே..." புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "வயல்ல அன்னிக்கு அவ்வளவு அழகா வந்தா. அதைச் சொல்லத் தெரியாமத்தான் வாளியைப் புடுங்கிட்டேன்."

அட மடையா என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். டேப்பை எடுத்தேன்.

"சரி, தெக்கிறேன். தழும்பு எது வரைக்கும் இருக்கு? அக்குள் வரைக்குமா, அதுக்கு முன்னாலயே நின்னுடுதா? பட்டையும் தையலும் தழும்பு மேல படாம வரணும்."

விழித்தார். "ஒங்களுக்குத் தெரியாதா? நீங்கதானே அளவெடுத்தீங்க?"

"எனக்குத் தெரியும். ஒங்களுக்குத் தெரியுமான்னு கேட்டேன்."

அவர் தலையைக் குனிந்து துண்டின் முனையைத் திருகினார்.

"போயிப் பாத்துட்டு வாங்க."

"இப்பவா? பட்டப்பகல்லியா?"

"பகல்லதான் நல்லாத் தெரியும். மொகம் சுளிச்சா சுளிக்கட்டும். மூஞ்சியே காட்டாம இருக்கறதுக்கு அது மேல். போங்க. பாத்துட்டு வந்தாத்தான் தெப்பேன்."

தெருவைக் கடக்க அவருக்கு அவ்வளவு நேரம் பிடித்தது. நான் வாசலில் நின்று, "ரெங்கம்மா அத்தை! எனக்கு ஊசியில நூலு கோக்க வரல, கொஞ்சம் வந்துட்டுப் போங்க" என்று கூப்பிட்டேன். இரண்டு கண்ணிலும் புரை விழுந்த கிழவியை நூல் கோக்கக் கூப்பிட்டால் யாரும் சிரிப்பார்கள். அவள் சிரிக்கவில்லை. ஏன் எதற்கு என்று கேட்கவும் இல்லை. வந்தாள், கதவைப் பின்னால் சாத்திவிட்டு வந்தாள், என் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நூலைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

 எதிர் வீட்டிலிருந்து முதலில் சத்தமே இல்லை. பிறகு ஒரு அழுகை கேட்டது. ஆண் அழுகை. அதற்கும் பிறகுதான் அவளுடையது கேட்டது, அந்தப் பழைய பெரிய குரலில், ஒரு வருடத்து அழுகை. ரெங்கம்மாள் கையிலிருந்த நூல் முடிச்சு முடிச்சாகிவிட்டது.

அவர் திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. அம்மா உட்கார்ந்திருப்பதைக்கூடக் கவனிக்கவில்லை. என் முன்னால் நின்று தன் பனியன்மேல் விரலை வைத்தார். நெஞ்சின் நடுவில் ஆரம்பித்து, இடது பக்கமாக, மெல்லச் சாய்த்து மேலே கொண்டு போனார்.

"இங்கேருந்து... இப்படிப் போயி... இங்க, அக்குளுக்குள்ள முடியுது." விரல் பாதி வழிக்குத் திரும்பி வந்து ஒரு இடத்தில் நின்றது. "இங்க மட்டும் ஒரு எடத்துல கட்டியா, வரப்பு மாதிரி இருக்குக்கா. அங்க தையல் வர வேணாம். குத்தும்."

அந்த இடம் எனக்குத் தெரியும். அளவெடுக்கும்போது என் கைக்குத் தட்டுப்பட்டது. கண்ணால் பார்த்தால் அது தெரியாது. தொட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

"சாயங்காலம் வந்து வாங்கிக்கங்க" என்றேன்.